ஊக்கு குத்திய துண்டு

தம்பி,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நல்ல வேளையாக உன் அப்பா மடை பார்க்க வயலுக்குப் போயிருந்தார். அவர் இருந்திருந்தால் வழக்கம்போல உரக்கப் படிக்கச் சொல்லியிருப்பார், நானும் கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் திக்கி நின்றிருப்பேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு இன்றைக்குத்தான் உட்கார்ந்தேன். இது நீளமாகப் போகும். கல்யாண வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, ஆனாலும் இதை எழுதாமல் எனக்கு அடுத்த வேலை ஓடாது.

நீ கேட்டது மூன்று விஷயம். சுலபமானதை முதலில் முடித்துவிடுகிறேன். சாயங்கால வரவேற்புக்குக் கோட்டு சூட்டு போட்டுக்கொள்வேன் என்கிறாய், தாராளமாகப் போட்டுக்கொள். குடவாசல் மண்டபத்தில் மின்விசிறி என்ற பேரில் நாலு தொங்குகின்றன, எதுவும் காற்றைக் கீழே அனுப்பாது. வேர்த்து வழிந்தால் என்னைக் கேட்காதே. காலை முகூர்த்தத்துக்குப் பட்டு வேட்டி, அதில் பேச்சே இல்லை. அது இடுப்பில் நிற்குமா என்று பயந்து எழுதியிருக்கிறாய். உன் அவஸ்தையைப் படித்து நான் தனியாகச் சிரித்ததைப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரி எனக்கு என்னமோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பாள்.

வேட்டியைப் பற்றி அம்மா, ஒரு பொம்பளை, என்ன சொல்வது என்று நினைக்காதே. கட்டுவது மட்டும்தான் நீங்கள். துவைத்து, கஞ்சி போட்டு, உதறிக் காயவைத்து, கரை கோணாமல் மடித்து வைத்து, கட்டிக்கொண்டு வாசல் தாண்டும்போது பின்பக்கம் இழுபடுகிறது என்று கூப்பிட்டுச் சொல்வது வரைக்கும் நாங்கள். பட்டு வேட்டி உட்காரும்போது சாதுவாக இருக்கும், அக்கினியைச் சுற்றி வரும்போதுதான் தன் வேலையைக் காட்டும். அதனால் மாமாவிடம் சொல்லி அவனுடைய பச்சை பெல்ட்டை வாங்கி வைத்திருக்கிறேன். அதை உள்ளே வைத்து இறுக்கிக் கட்டிக்கொள், மேலே அங்கவஸ்திரம் மறைத்துவிடும். கணுக்கால் மூடவேண்டும், தரையைப் பெருக்கக் கூடாது. படியேறும்போது ஒரு கையால் நுனியைக் கொஞ்சம் தூக்கிக்கொள். அங்கவஸ்திரத்தால் முகத்தைத் துடைக்காதே, அதற்கென்று கைக்குட்டை கொண்டுபோ. அறையில் இப்போதிருந்தே பருத்தி வேட்டி கட்டி நாலு நாள் நடந்து பழகு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. போன தீபாவளிக்கு உன் மாமனாராகப் போகிறவர் பட்டுக்கோட்டையிலிருந்து தேங்காய் மூட்டையோடு வந்து இறங்கினாரே, நீ கைலியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டே வாசலில் நின்று அவரோடு பேசினாய். உள்ளேயிருந்து அப்பா இருமினார். திரும்பவும் இருமினார். நீ எட்டிப் பார்த்து, "என்னப்பா, டாக்டர்கிட்ட போவலாமா?" என்று கேட்டாய். மடித்துக் கட்டியதை அவிழ்த்து விடு என்றுதான் அந்த மனிதர் அவ்வளவு நேரம் இருமினார். வயலுக்குப் போகிறவன் மடித்துக் கட்டுகிறான், அது வேலை. பெரியவர் ஒருவர் எதிரே வந்தால் அவிழ்த்து விடுகிறோம், நீங்கள் வந்ததைக் கவனித்தேன் என்று சொல்லும் விதம் அது. வாயால் வாங்க என்று சொல்வதற்கு முன்னால் கை சொல்லிவிடும். உன் மாமனார் நல்ல மனிதர், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உன் அப்பாதான் ஒரு வாரம் புலம்பினார்.

இனி உன் கடைசிப் பக்கத்துக்கு வருகிறேன். மிராசு அய்யா கல்யாணத்துக்கு வருகிறார், அப்பாவே நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்துவிட்டு வந்தார். அவரைப் பார்த்ததும் அப்பா தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்பார், மாமனார் வீட்டாரும் உன்னோடு வேலை பார்ப்பவர்களும் பார்ப்பார்கள், அப்படி நடந்தால் மணவறையை விட்டு எழுந்து போய்விடுவேன் என்று எழுதியிருக்கிறாய். "அது அடிமைப் புத்தி, நீதான் ஏதாவது செய்து தடுக்க வேண்டும்" என்றும் எழுதியிருக்கிறாய். எழுந்து போகிறவன் எங்கே போவாய் தம்பி? அந்தப் பெண் தலையில் பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளே. கோபத்தில் எழுதினாய் என்று எனக்குத் தெரியும். உன் மூக்கு நுனிக் கோபம் என்னிடமிருந்துதான் வந்தது, அதனால் நான் அதைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அந்தத் துண்டைப் பற்றி உனக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. நீ ஒன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது அது. நிலத்துக் கேஸில் ஜெயித்தோம் என்பது மட்டும்தான் உனக்குத் தெரியும். எப்படி ஜெயித்தோம் என்று நாங்கள் யாரும் உனக்குச் சொல்லவில்லை. சொன்னால் அப்பாவைப் பார்த்துச் சிரிப்பாயோ என்று எனக்கு ஒரு எண்ணம்.

உன் தாத்தா மிராசு அய்யாவின் பண்ணையில் ஆளாக இருந்தவர். கடைசிக் காலத்தில்தான் வாய்க்காலுக்கு வடக்கே உள்ள நிலத்தைக் குத்தகைக்கு வாங்கினார். வாங்கினார் என்றால் வாய்ப்பேச்சுதான், பத்திரம் கிடையாது, ரசீது கிடையாது. அவருக்குப் பிறகு உன் அப்பா உழுதார், விதைத்தார், அறுத்தார், அய்யா பங்கை அவர் களத்தில் கொண்டுபோய் அளந்தார். ஆட்சி மாறி, குத்தகைக்காரர் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் வந்தது. பதிவாகிவிட்டால் சும்மா வெளியே போ என்று சொல்ல முடியாது. அது தெரிந்ததும் இந்தப் பக்கத்து மிராசுதார்கள் பலர், பதிவாவதற்குள் ஆளை நிலத்திலிருந்து இறக்கிவிடப் பார்த்தார்கள். அறுப்புக்கு அறுப்பு வயல் வரப்பில் சிவப்புக் கொடி ஒரு பக்கம், போலீஸ் வேன் ஒரு பக்கம். அப்பாவும் தன் பெயரைப் பதியச் சொல்லி மனு கொடுத்தார். நம் அய்யா அடிதடிக்குப் போகவில்லை. தாலுகா ஆபீஸில், இவன் குத்தகைக்காரனே இல்லை, கூலிக்கு வேலை பார்க்கும் பண்ணையாள் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஆள் என்றால் நிலத்தில் உரிமை கிடையாது.

விசாரணைக்கு என்ன கட்டிக்கொண்டு போவது என்பதே வீட்டில் பெரிய சண்டையாகிவிட்டது. உன் மாமா கட்சிக் கரை வேட்டியோடு வந்து நின்றான். "மச்சான், நம்ம ஆட்சி நடக்குது. இதக் கட்டிட்டுப் போங்க, அதிகாரி எழுந்து நிப்பாரு" என்றான். விவசாய சங்கத்துக்காரர்கள் சிவப்புத் துண்டைக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அப்பா இரண்டையும் தொட்டுப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். "நியாயம் கேக்கப் போற எடத்துக்குக் கட்சிய எதுக்குடா இழுத்துட்டுப் போவணும்? இருக்கறதுல நல்லதக் கட்டிட்டுப் போறேன்" என்றார். இருந்ததில் நல்லது என்ன தெரியுமா? மயில்கண் கரை போட்ட எட்டு முழ வேட்டி. அதற்கு முந்தைய தீபாவளிக்கு மிராசு அய்யா எடுத்துக் கொடுத்தது. அய்யாவை எதிர்த்து நடக்கிற விசாரணைக்கு அய்யா கொடுத்த வேட்டி. அதற்குக் கஞ்சி போட்டு மொடமொடவென்று மடித்துக் கொடுத்த புத்திசாலி வேறு யாருமில்லை, நான்தான். பெரிய இடத்துக்குப் போகிறோம், வெள்ளையாகப் போக வேண்டும் என்பதைத் தவிர அன்றைக்கு எங்கள் இரண்டு பேர் மண்டையிலும் ஒன்றும் உறைக்கவில்லை.

நான் தாலுகா ஆபீஸ் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றேன். அப்பா அதிகாரி முன்னால் நன்றாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். எந்த வரப்பிலிருந்து எந்த வரப்பு வரை, எந்த மடையில் தண்ணீர், என்ன விதை, எல்லாம் கோர்வையாக வந்தது. அதிகாரியும் தலையாட்டி எழுதிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து மிராசு அய்யா உள்ளே வந்தார். அப்பாவின் கை தோளுக்குப் போயிற்று. துண்டு இறங்கிக் கக்கத்துக்குள் போய்விட்டது. சொல்லிக்கொண்டிருந்தது பாதியில் நின்றது. அய்யாவின் வக்கீல் உடனே பிடித்துக்கொண்டார். "பாருங்க சார், குத்தகைக்காரன் நிக்கிற நிலையா இது? இது பண்ணையாள் நிக்கிற நிலை" என்றார். அப்புறம் அப்பா பக்கம் திரும்பி, "கட்டியிருக்கியே வேட்டி, இது யாரு குடுத்தது?" என்று கேட்டார். உன் அப்பாவுக்குப் பொய் வராதே. "அய்யா எடுத்துக் குடுத்ததுங்க" என்றார். அறையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஜன்னல் கம்பியில் தலையை முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு. அதிகாரி வேறொரு நாளைக்குத் தள்ளிவைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் மாமா குதித்தான். நீ இப்போது எழுதியிருக்கும் அதே வார்த்தையைச் சொன்னான். அடிமைப் புத்தி என்றான். அப்பா தட்டில் போட்ட சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அவன் போன பிறகு என்னிடம், "நான் எடுக்கல. கை எடுத்துருச்சு" என்றார். அது சத்தியம் தம்பி. உன் தாத்தா அந்தக் களத்தில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டே நின்றவர். அவர் பக்கத்தில் நின்று வளர்ந்த உடம்பு. சுவாமி சன்னதியில் துண்டை இடுப்பில் கட்டச் சொல்லி யாராவது நமக்குச் சொல்கிறார்களா? கை தானாகச் செய்கிறது. உன் அப்பாவுக்கு அப்படிக் கை போகிற இடம் இரண்டு இருந்தன, அதில் ஒன்று மிராசு அய்யா.

இரண்டாவது விசாரணைக்குக் கிளம்பும்போது மாமா மறுபடி கரை வேட்டியோடு வந்தான். அப்பா அதே மயில்கண் வேட்டியைத்தான் எடுத்தார். "ஒரு தடவ கட்டிட்டுப் போனத இப்ப மாத்துனா, பயந்துட்டான்னு ஆயிரும்" என்றார். சட்டையைப் போட்டு, துண்டை இடது தோளில் போட்டுக்கொண்டு, என் முன்னால் வந்து நின்றார். "கை நிக்காது. நீ ஏதாவது பண்ணு" என்றார். அந்த மனிதர் அப்படி என்னிடம் எதையும் கேட்டதில்லை. இந்த நிலம் போய்விட்டால் நாம் அந்தக் களத்துக்கே கூலிக்குப் போக வேண்டும், நீ ஒன்றாம் வகுப்போடு மாடு மேய்க்கப் போகவேண்டும், அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். என் தாலிச் சரட்டில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றினேன். துண்டையும் சட்டையையும் சேர்த்து, வெளியே தெரியாமல் உள்பக்கமாகக் குத்திவிட்டேன். இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. எனக்கு அப்படி ஒரு தைரியம் வந்தது, இனி அய்யா வந்தால் என்ன, அவர் பாட்டன் வந்தால் என்ன என்று.

அய்யா வந்தார். அப்பாவின் கை போயிற்று. துண்டு வரவில்லை. அப்பா ஊக்கை மறந்தே போனார். இன்னும் கொஞ்சம் இழுத்தார், சட்டையும் சேர்ந்து மேலே வந்தது. ஒரே இழுப்பு, தோள் தையல் பர்ரென்று கிழிந்தது. துண்டு அப்போதும் வரவில்லை, கிழிந்த சட்டையோடு ஊக்கில் தொங்கியது. முன்னை விடச் சிரிப்பு அதிகம். அதிகாரியும் உதட்டைக் கடித்துக்கொண்டு, "என்னப்பா இது?" என்றார். அப்பா கிழிசலைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னார்: "அய்யாவப் பாத்தா கை நிக்க மாட்டேங்குதுங்க. போன தடவ அதனாலதான் கெட்டுச்சு. அதான் எங்கூட்டுல ஊக்கு குத்தி விட்டுச்சு."

வக்கீல் குஷியாக எழுந்தார். "இதையும் குறிச்சுக்கணும் சார்" என்று ஆரம்பித்தார். மிராசு அய்யா சிரிக்கவில்லை. அவர் அந்த ஊக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் வக்கீலைப் பார்த்து, "நீங்க உக்காருங்க" என்றார். வக்கீல் உட்காரவில்லை. "உக்காருங்கன்னு சொல்றேன்" என்றார். பிறகு அதிகாரியிடம், "இவன்தான் சாகுபடி பண்றான். இவங்கப்பன் காலத்துலேர்ந்து இவங்கதான் குத்தகை. எழுதிக்குங்க" என்றார்.

"முன்னாடி இல்லேன்னு எழுதிக் குடுத்தீங்களே?" என்று அதிகாரி கேட்டார்.

"குடுத்தேன். எனக்குக் காட்டுன மரியாதைய வச்சே அவன ஆளுன்னு வக்கீல் சொன்னப்ப, நான் வாயத் தொறக்காம இருந்தேன். அப்படி இருந்திருக்கக் கூடாது" என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் போய்விட்டார்.

உடனே அவருக்கு நான் மாலை போடச் சொல்கிறேன் என்று நினைக்காதே. பொய் எழுதிக் கொடுத்தவர் அவர்தான். மெய் சொன்னதற்குப் பெருந்தன்மை என்று இந்த ஊரே இன்னும் பேசுகிறது, எனக்கு அதைக் கேட்டால் பற்றிக்கொண்டு வருகிறது. அன்றைக்கு வாசல் வேப்பமரத்தடியில் வைத்து ஊக்கைக் கழற்றும்போது உன் அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "அய்யா மொகம் வாடிப் போச்சு, பாத்தியா?" என்றார். கையில் இருந்த ஊக்கை அவர் தோளிலேயே குத்தியிருப்பேன். இரண்டு மாதம் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தவள் நான், என் முகம் வாடியதை ஒருவரும் பார்க்கவில்லை. ஆனால் அந்த நிலம் நம் கையில் நின்றது. அதில் விளைந்ததுதான் உன் பள்ளிக்கூடம், உன் காலேஜ், திருச்சியில் நீ பார்க்கும் வேலை எல்லாம்.

இருபது வருஷம் ஓடிப்போயிற்று. போன மார்கழியில் அப்பா விஷக் காய்ச்சலில் படுத்தாரே, உனக்குப் பயப்படாதே என்று தந்தி மட்டும் கொடுத்தேன். அப்போது மிராசு அய்யா தடியை ஊன்றிக்கொண்டு பார்க்க வந்தார். அப்பா வெற்றுடம்போடு கட்டிலில் கிடந்தார், கண்ணைத் திறக்கவே முடியவில்லை. குரலைக் கேட்டதும் கை தோளுக்குப் போயிற்று. அங்கே துண்டு இல்லை. வெறுந்தோளில் விரல் தேடித் தேடிப் பார்த்தது. நான் அடுப்படி வாசலில் நின்று பார்த்தேன், அழுகை வந்துவிட்டது. அய்யாவும் பார்த்தார். தன் அங்கவஸ்திரத்தை எடுத்துச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, அவர் போகும் வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தார். எனக்கு அவர் மேல் இருந்த கோபம் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் பொய். பாதி தீர்ந்தது.

அதனால் தம்பி, நான் இந்த முறை ஊக்கு குத்த மாட்டேன். உன் அப்பா என்னிடம் கேட்டபோது செய்தேன். நீ கேட்கிறாய் என்பதற்காக அவருக்குத் தெரியாமல் அவர் கையைக் கட்ட மாட்டேன். நீ துண்டை எடுத்துக் கக்கத்தில் வைக்க வேண்டியதில்லை, யார் முன்னாலும் வைக்காதே, உன் பிள்ளையும் வைக்க வேண்டாம். அந்தக் கையும் உனக்கு வர வேண்டாம் என்றுதான் நாங்கள் அவ்வளவு பாடுபட்டோம். ஆனால் அவர் கையைப் பார்த்து நீ வெட்கப்படாதே. கிழிந்த சட்டையோடு நாலு பேர் சிரிக்க நின்று, பொய் சொல்லாமல் உனக்காக நிலத்தைக் காப்பாற்றிக் கொடுத்த கை அது. உன்னோடு வேலை பார்ப்பவர்கள் கேட்டால், இந்தக் கதையைச் சொல். அவர்களில் யாருக்காவது இப்படி ஒரு அப்பன் இருந்தால் வந்து என்னிடம் சொல்லட்டும்.

ஆனாலும் என் மகன் மணவறையில் முகம் சுருங்கி உட்காரக் கூடாது. அதற்கு ஒரு வழி யோசித்து வைத்திருக்கிறேன். வரும்போது திருச்சிக் கடைவீதியில் இரண்டு துண்டு வாங்கி வா. ஒரே நீளம், ஒரே கரை, ஒன்றுக்கொன்று ஒரு நூல் வித்தியாசம் இருக்கக் கூடாது. மிராசு அய்யா காரை விட்டு இறங்கினதும் மாமா வந்து உன் காதில் சொல்வான். மணவறையை விட்டு எழுந்து போகிறேன் என்றாயே, அப்போது எழுந்து வா. உன் பட்டு வேட்டி அவிழாமல் மெதுவாக நடந்து வந்து, அப்பா, அய்யா இரண்டு பேர் தோளிலும் உன் கையால் துண்டைப் போடு. மாப்பிள்ளை போட்ட துண்டைப் பந்தலை விட்டுப் போகும் வரை தோளிலிருந்து எடுக்கக் கூடாது, அது இந்த வீட்டு முறை என்று நான் உரக்கச் சொல்வேன். அப்படி ஒரு முறை இருக்கிறதா என்று கேட்காதே, அன்றைக்கு நான் ஏற்படுத்துவேன். அய்யாவும் அப்பாவும் ஒரே கரைத் துண்டோடு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடட்டும்.

அய்யா வயதில் மூத்தவர், அவருக்குத்தான் முதலில் போட வேண்டும் என்று அப்பா கண்ணைக் காட்டுவார், இருமுவார். இந்த ஒரு தடவை அவர் இருமலை நீ காதில் வாங்காதே. முதல் துண்டு அப்பாவுக்கு.

உன் அம்மா